கிட்டாருக்கு முன்னால் போன பை

கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று என் மனைவி மகளிடம் கேட்டாள். பீரோவா, கட்டிலா, கிரைண்டரா என்ற கணக்கில் கேட்டாள். மகள், "எனக்கு ஒரு கிட்டார் போதும்மா" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

"ஏட்டி, அதுக்குள்ள சேலைய மடிச்சு வைக்க முடியுமா?" என்றாள் என் மனைவி. 

மகள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவள் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற இடத்துக்கு தினமும் வேனில் போய் வருகிறவள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்கள் ஊர்க் கோயிலில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பதும் அவள்தான். அந்தக் கிட்டார் சபைக்குச் சொந்தம். கழுத்து வளைந்து, ஒரு பக்கம் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். கல்யாணமாகிக் கயத்தாறு போகும்போது அதை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆண்டவர் ஒரு பிள்ளைக்கு வாசிக்கிற தாலந்து கொடுத்திருக்க, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோவில்பட்டியில் ஒரு சந்துக்குள் ஒருவர் கையாலேயே கிட்டார் செய்கிறார் என்று பாடகர் குழுவில் சொன்னார்கள். முன்பு கதவும் நிலையும் செய்தவராம். இப்போது கேரளாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்களாம். சித்திரை வெயிலில் நானும் மகளும் போனோம்.

"கல்யாணம் எப்ப அண்ணாச்சி?" என்று கேட்டார் கிட்டார் செய்கிறவர்.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சு, சனவரியில."

"எந்த வருசம்?"

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கேட்டிருந்தார்.

சுவரில் கடிகாரம் மாதிரி ஒன்று தொங்கியது. அது நேரம் காட்டாது, காற்றில் உள்ள ஈரத்தைக் காட்டும். அதில் ஓரிடத்தில் அவருடைய வீட்டம்மாவின் நகப்பாலிஷால் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தார்.

"முள்ளு இந்தச் செவப்பத் தாண்டிட்டா நான் பசையத் தொட மாட்டேன். மேல்பலகைய ஈரக்காத்துல ஒட்டுனா அடுத்த வெயில்ல வாயப் பொளந்துரும். நம்ம ஊரு வறண்ட காத்துதான் எனக்கு மொதலு. மலையாளத்துக்காரங்க பொறவு எதுக்கு இங்கன வாராங்க?"

முன்பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "வாங்குனா தெனமும் போன் போடுவீங்க" என்றார். வாங்காமலேயே நான் போன் போடுவேன் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

வரும் வழியில், இருந்த சந்தோஷத்தில், கடைத்தெருவில் கிட்டார் வைக்கிற கறுப்புப் பை ஒன்றை வாங்கிவிட்டேன். என் மனைவி அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஒறை வந்துட்டு. தலகாணி எங்க?"

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். "இங்க பாருங்க, எப்பிடியாவது கல்யாணத்தோட அது போயிரணும். சீரோட போற பொருளுக்கு அந்த வீட்டுல எடம் உண்டு. பொறவு நீங்க தனியாத் தூக்கிட்டுப் போனா, இது எதுக்கு, மருமவளுக்கு இது தேவையான்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. பிள்ள பதில் சொல்லிட்டு நிக்கணும்."

அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். பையைச் சபைக் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் பையும் என்னைப் பார்த்தது.

போன் போட்டால் கிட்டார்காரரின் வீட்டம்மாதான் எடுப்பார்.

"அவிய பலக காயுதான்னு பாத்துட்டு இருக்காவ, அண்ணாச்சி."

"பலக காயுதத எதுக்கும்மா உக்காந்து பாக்கணும்?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

புரட்டாசி கடைசியில் அவரே கூப்பிட்டார். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. எங்கள் கிட்டாருக்கு முதுகும் விலாவும் முடிந்துவிட்டன. மேல்பலகை மட்டும் பாக்கி. "ஒரு வாரம் வானம் சும்மா இருந்தாப் போதும்" என்றார்.

அங்கேதான் சிக்கல். அந்த ஒரு வாரத்தில்தான் எங்கள் ஊர் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, புதூர் போகிற பக்கம். எல்லாம் வானம் பார்த்த கரிசல் புஞ்சை. உளுந்தையும் மக்காச்சோளத்தையும் காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தோம். என் விதையும் அதில்தான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம். ஆராதனை நடத்துகிற உபதேசியார் எல்லாரையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். "மழைக்காக இன்னைக்கு நீங்க ஜெபிங்க, அண்ணாச்சி."

நான் கண்ணை மூடினேன். ஒரு பக்கம் புழுதிக்குள் விதை. ஒரு பக்கம் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் முள். ஆண்டவரிடம் பொய் சொல்ல முடியாது. உள்ளதைக் கேட்டுவிட்டேன்.

"ஆண்டவரே, கிழக்கேயிருந்து உம்முடைய மேகங்களை அனுப்பும். எங்கள் புஞ்சைகளை நனைத்தருளும். அவை எட்டயபுரம் ரோட்டைப் பிடித்து மேற்கே போய்விடாதபடி, கோவில்பட்டி டவுனுக்கு வெளியிலேயே அவற்றை நிறுத்தியருளும்."

ஆமென் கொஞ்சம் தாமதமாக வந்தது.

நான் கேட்டது நடக்காத காரியமும் அல்ல. கரிசலில் வரப்புக்கு இந்தப் பக்கம் ஊற்றும், அந்தப் பக்கம் புழுதி பறக்கும். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது என் மனைவி விடவில்லை.

"ஆண்டவருக்கு பஸ் ரூட்டு சொல்லிக் குடுத்தீங்களாக்கும்?"

"மழதானட்டி கேட்டேன்."

"கண்டக்டர் மாதிரி ஸ்டாப்பிங்கும் சேத்துல்லா கேட்டீங்க."

மகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தாள்.

மறுநாள் கோவில்பட்டியில் கொட்டித் தீர்த்தது. டவுன் பஸ்ஸில் வந்தவர்கள் கோழி மாதிரி நனைந்து இறங்கினார்கள். எங்கள் ஊரில் காற்று மட்டும் அடித்தது. பக்கத்துப் புஞ்சைக்காரர் வரப்பில் நின்றபடி சொன்னார்: "அண்ணாச்சி, உங்க ஜெபம் தப்பான ஸ்டாப்புல எறங்கிட்டு போலுக்கே."

அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் கேட்காமலேயே நான் ஜெபித்தேன். எங்கும் பெய்யட்டும் என்று மட்டும் கேட்டேன். எங்கும் பெய்தது. ஐப்பசியும் கார்த்திகையும் நனைந்தே கழிந்தன. உளுந்து முளைத்துக் கொடி பிடித்தது. மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போன் போட்டேன்.

"முள்ளு எறங்கல, அண்ணாச்சி. அவிய பேப்பர் படிக்காவ" என்றார் அந்த அம்மா.

"பேப்பர்ல என்ன படிக்காவ?"

"வானிலை."

கிறிஸ்துமஸும் முடிந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நேரில் போனேன். கிட்டார் மேசைமேல் மூடியில்லாமல் தோணி மாதிரி கிடந்தது. மேல்பலகையைத் துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்தார். முள் சிவப்புக்கு அந்தப் பக்கம் சௌகரியமாக நின்றது.

"அண்ணாச்சி, இப்போதைக்கு ஒட்டிக் குடுத்துருங்க. கல்யாணம் முடிஞ்சு கொண்டாரேன், பிரிச்சு மறுபடி ஒட்டிக்கலாம்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்பிள்ளையயும் இப்பிடித்தான் பாத்தீங்களா? ஒட்டிப் பாப்போம், பொறவு பிரிச்சுக்கலாம்னு?"

ஒரு டீயை வாங்கிக் கொடுத்து என்னை பஸ் ஏற்றிவிட்டார்.

மகளிடம் சொன்னேன். "பரவாயில்லப்பா" என்றாள். அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய், சபைக் கிட்டாரைத் துடைத்து, டேப்பைப் புதிதாகச் சுற்றி, அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். வழக்கமாக அவ்வளவு நேரம் எடுக்க மாட்டாள். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பார்க்காதவன் மாதிரி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி ஆணியில் தொங்கிய பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கயத்தாறு பஸ்ஸுல கூட்டம்னா சன்னல் வழியா துண்டு போடுவீங்கல்லா?"

"ஆமா."

"ஆளு பொறவு ஏறுனாலும் சீட்டு உங்க சீட்டுதான? பைய எறக்குங்க."

வீட்டிலிருந்த தலையணைகளை அமுக்கி அதற்குள் திணித்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் கிட்டார்தான். கிட்டப் பார்த்தால் சாப்பிட்டுக் கொழுத்த கிட்டார். சீர் வேனில் பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் அது கயத்தாறு போனது. ஆமாம், பீரோவும் வாங்கினோம். அவள் அம்மா விடுவாளா?

கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் விருந்து. சம்பந்தியம்மா சாமான்களை ஒதுங்க வைத்தபடி பையைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அது அவர் தலைக்குமேல் போய்விட்டது.

"இது என்ன அண்ணே, இம்புட்டு லேசா இருக்கு?"

ஜிப்பைத் திறந்தார். பூப்போட்ட தலையணை எட்டிப் பார்த்தது. பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மகள் தரையைப் பார்த்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் முழுவதையும் சொல்லிவிட்டேன்: பலகை, மழை, சிவப்புக் கோடு, துண்டு வரைக்கும்.

"அப்ப மழ விட்டாத்தான் சாமான் வரும்?"

"ஆமா தங்கச்சி."

"இந்தப் பிள்ள நல்லா வாசிக்குமா?"

"கோயில்ல இவதான் வாசிப்பா."

அவர் ஜிப்பை இழுத்து மூடினார். மகனைக் கூப்பிட்டார். "ஏலே, இங்கன ஒரு ஆணி அடி. எடம் போட்டாச்சு. வாரப்ப வரட்டும். அது வரைக்கும் தலகாணிய வாசிக்கட்டும்."

முன்னறையில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கிற இடத்தில், அந்தப் பை தொங்கியது.

மாசியில் மேல்பலகை ஒட்டியாயிற்று. பங்குனியில் கிட்டார் என் கைக்கு வந்தது. பை கயத்தாறில் இருந்ததால் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

"இவ்ளோ பெரிய சாமானுக்கு டிக்கெட்டு எடுக்கணும் அண்ணாச்சி" என்றார் கண்டக்டர்.

"கைப்பிள்ளைக்கு ஏது டிக்கெட்டு?" என்றேன். அவர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, விசில் அடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

பை அதே ஆணியில்தான் இருந்தது. ஆனால் வற்றிப் போயிருந்தது. விருந்தாளி வரும்போதெல்லாம் தலையணையை எடுத்துக்கொள்கிறார்களாம். மகள் கிட்டாரை வாங்கி, அதன் துவாரத்தில் மூக்கை வைத்து மர வாசனை பிடித்தாள். கம்பிகளை முறுக்கிச் சரிசெய்தாள். பிறகு வாசித்தாள். பங்குனி வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, கிறிஸ்துமஸ் பாட்டு வாசித்தாள். புதுக் கிட்டாரில் கிறிஸ்துமஸுக்கு வாசிக்க நினைத்திருந்ததை இப்போது வாசித்தாள் போல. சம்பந்தியம்மா கூடவே பாடினார். சுருதி சேரவில்லை. மகள் நிறுத்தாமல் வாசித்தாள்.

பாட்டு முடிந்ததும் அவர் என்னிடம், "அண்ணே, ஒரு ஜெபம் பண்ணிருங்க" என்றார்.

நான் எழுந்து கண்ணை மூடினேன். பக்கத்திலிருந்து மருமகன் மெதுவாகச் சொன்னார்: "மாமா, மழயப் பத்தி மட்டும் எதுவும் கேட்டுராதீங்க. அம்மா மாடியில வத்தல் காயப் போட்டிருக்காவ."

நன்றி மட்டும் சொன்னேன். திசை எதுவும் சொல்லவில்லை.