வாயை ஒட்டும் மிட்டாய்

வெல்காவுக்கு அன்று காலையிலிருந்தே பற்றிக்கொண்டு வந்தது. பாடகர் குழுவுக்கு இது நாற்பதாவது ஆண்டு. ஊரே சேர்ந்து கொண்டாட வேண்டும் என்று குழுவின் இசை நடத்துநர் ரித்வர்ஸுக்கு ஆசை. சம்பளம் வாங்கிப் பாடுகிற குழுவை மீன் சந்தைக்கும் ட்ராம் பணிமனைக்கும் மருத்துவமனைக்கும் இழுத்துக்கொண்டு போனார். போன இடத்திலெல்லாம் கடைசியில் ஒரே நாட்டுப்பாடல். "சும்மா நிக்காதீங்க, சேர்ந்து பாடுங்க!" என்பார். லாட்வியாவில் அதுவும் லியெபாயா ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? ஊரில் பாதிப் பேர் ஏதாவது ஒரு குழுவில் பாடுகிறவர்கள்.

இப்போது நிறைவுக் கச்சேரியில் அதே பாட்டை ஒலிப்பதிவு செய்யப்போகிறார்களாம். சபையிலிருந்து ஒரு குரல்கூட வரக்கூடாதாம். தலைநகர் ரீகாவிலிருந்து வந்த பதிவுக்காரர்கள் மறுநாளே கிளம்பிவிடுவார்கள், இரண்டாம் தடவை கிடையாது. "ஜனங்களை நீங்க பாத்துக்கோங்க வெல்கா," என்று சொல்லிவிட்டு ரித்வர்ஸ் உள்ளே போய்விட்டார். சொல்வதற்கென்ன, வாய்தானே.

வெல்கா இதே குழுவில் இருபது வருஷம் பாடியவள், பெண்களில் கீழ்க்குரல். தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆனபின் குரல் கரகரத்துப் போனது. குழு அவளைக் கைவிடவில்லை. டிக்கெட்டையும் நாற்காலிகளையும் அவள் பொறுப்பில் விட்டது. ஆனால் அன்றிலிருந்து அவள் சமையலறையில்கூட வாய்விட்டுப் பாடியதில்லை. "துருப்பிடிச்ச கதவை எதுக்குத் திறக்கணும்?" என்பாள். திறந்து பார்க்க அவளுக்குப் பயம், அவ்வளவுதான்.

வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். மீன் கடை அவுஸ்மா இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"ஏண்டி வெல்கா, வருஷம் பூரா பாடு பாடுன்னீங்க. இப்ப வாயை மூடுன்னா எப்படி?"

"ஒரே ஒரு பாட்டுக்குத்தான் அவுஸ்மா. உன் காலைப் பிடிக்கிறேன்."

"சேவலைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கூவாதேங்கிறியே. உங்க ரித்வர்ஸுக்கு மூளை இருக்கா?"

"இருந்தா நான் ஏன் இங்க நின்னு கத்திட்டிருக்கேன்?"

இவர்களை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துபோயிற்று. இடைவேளையில் எதிர்க் கடைக்கு ஓடினாள். உறையில் பசு படம் போட்ட பால் மிட்டாய், பல்லில் ஒட்டினால் லேசில் விடாது. கடையில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, கடைசிப் பாட்டுக்கு முன்னால் வரிசை வரிசையாகக் கொடுத்தாள். "உறையை இப்பவே பிரிச்சிடுங்க. வாயில போட்டு அடக்கிக்கோங்க," என்று மிரட்டினாள். சபையே குழந்தைகளைப் போலக் கன்னம் உப்பி உட்கார்ந்தது. கடைசி வரிசைக்குப் போனபோது பெட்டி காலி. அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

பாட்டு தொடங்கியது. முதல் சரணத்தில் ஒரு சத்தமில்லை. வெல்கா கதவோரம் சாய்ந்து மூச்சு விட்டாள்.

இரண்டாவது சரணத்தில் ஒரு முனகல் கேட்டது. அவுஸ்மாதான்! வாய் ஒட்டியிருந்தால் என்ன, மூக்கு இருக்கிறதே. பக்கத்தில் இருந்த ட்ராம் ஓட்டுநர் அடிக்குரலில் சேர்ந்துகொண்டார். பின்னால் மருத்துவமனைத் தாதிகள். வெல்கா உதட்டில் விரல் வைத்தாள், முறைத்தாள், கையை ஆட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு முனகுகிறவர்களை முறைத்து என்ன லாபம்? சபை முழுக்க நாலு குரலாகப் பிரிந்து, பிசகாமல் முனகியது. நாசமாய்ப் போச்சு என்று நினைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மூன்றாவது சரணம். கீழ்க்குரல் நுழையும் இடம் வந்தது. இருபது வருஷம் அவள் நுழைந்த இடம்.

மறுநாள் காலை ரித்வர்ஸ் அவளை அழைத்துப் பதிவைப் போட்டுக் காட்டினார். மேடைக் குரல்களுக்குக் கீழே சபையின் முனகல். அதற்கும் கீழே, கதவுப் பக்கத்திலிருந்து, வார்த்தை சுத்தமாக, கரகரவென்று ஒரு குரல்.

"எல்லார் வாயையும் அடைச்சீங்க. இது யாரு?"

"நான்தான்," என்றாள் வெல்கா. முகம் சிவந்துவிட்டது. "வெட்டி எறிஞ்சிடுங்க."

"ராத்திரி பூரா வெட்டிப் பாத்தாச்சு. உங்க மிட்டாய் மாதிரி ஒட்டிக்கிச்சு. எடுத்தா பாட்டே பிஞ்சு வருது. விட்டுட்டேன்."

வெல்கா வாயைத் திறந்தாள். அவரைத் திட்டத்தான் திறந்தாள். வந்தது அந்த மூன்றாவது சரணம்.