குமிழ்களுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம்

எங்கள் பழைய காரில், ரேடியோவுக்குக் கீழே, மூன்று வட்டக் குமிழ்கள் உண்டு. காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒன்று, குளிரா சூடா என்று மாற்ற ஒன்று, காற்று முகத்துக்கு வரவேண்டுமா காலுக்கு வரவேண்டுமா என்று திருப்ப ஒன்று. இருட்டியதும் அவற்றைச் சுற்றியுள்ள குறிகள் ஒளிரவேண்டும். நாங்கள் அந்தக் காரை வாங்குவதற்கு முன்பே உள்ளே இருந்த சிறு பல்புகள் தீய்ந்துவிட்டிருந்தன. அந்த இருட்டில் அக்காவின் கை மெல்ல முன்னால் வந்து, குமிழைத் தேடி, ரேடியோவைத் தடவி, கிடைக்காமல் திரும்பி மடியில் விழும். பிறகு, எனக்குக் கேட்குமோ கேட்காதோ என்ற குரலில், "கொஞ்சம் சூடு வையேன்" என்பார்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. ஆரணியில் ஒரே வீட்டில் இரண்டு சமையலறை எங்களுக்கு. மாமியார் போன பிறகு பெரிய சண்டை எதுவும் இல்லாமலே அப்படி ஆகிவிட்டது. பண்டிகைக்குப் பலகாரத் தட்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும், அதே தட்டு வேறு பலகாரத்தோடு திரும்பி வரும். அவ்வளவுதான் எங்கள் உறவு. அவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் வேலூருக்கு டயாலிசிஸ் போகவேண்டும் என்று ஆனபோது, யார் அழைத்துப்போவது என்ற கேள்வி வந்தது. பெரிய மாமா, அதாவது அவர் கணவர், பட்டுக்குச் சாயம் போடுகிறவர். கொதிக்கிற தொட்டியில் நூல் கிடக்கும்போது அந்த இடத்தை விட்டு நகர முடியாது. என் கணவருக்குச் சென்னையில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். கார் சும்மா நிற்கிறதே என்று ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததால் என் நேரம்தான் எல்லோருக்கும் வளைந்து கொடுக்கக்கூடியதாகத் தெரிந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

மதியம் கிளம்புவோம். கண்ணமங்கலம் வழியாகப் போய், அவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருப்பேன். அவர் வெளியே வரும்போது விளக்கு வைக்கும் நேரமாகியிருக்கும். ரத்தம் உடம்பை விட்டு வெளியே போய்ச் சுற்றி வந்ததாலோ என்னவோ, அவருக்குக் குளிர் தாங்காது. நம் ஊரில் காரின் குமிழை யாரும் சூட்டுக்கான சிவப்புப் பக்கம் திருப்புவதில்லை. எங்கள் காரில் மட்டும் சித்திரை மாதத்தில்கூடச் சூடான காற்று வரும். எனக்கு வியர்த்து ஊற்றும். சற்று தூரம் போனதும் அவருக்கும் புழுங்கும், "குறைச்சிடேன்" என்பார். பிறகு மறுபடி குளிரும். ஓட்டிக்கொண்டே இருட்டில் கையை நீட்டி நான்தான் திருப்பவேண்டும். கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கேட்கப்படுவதில் எனக்கும் அலுப்பு இருந்தது. வழியெல்லாம் எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது.

கார்த்திகை மாதத்தில் ஒரு மாலை. மழை விட்டிருந்தது, சாலை ஈரம். கண்ணமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவர் சூடு கேட்டார் என்று குனிந்து குமிழைத் தேடினேன். நிமிர்ந்தால் எங்களுக்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். அதன் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லை. பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி வழுக்கி, மண்ணில் இறங்கி, கரும்புத் தோகை முன்கண்ணாடியை உரசும் தூரத்தில் நின்றது. டிராக்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். அக்கா ஊசி குத்திய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெல்ட் இழுத்ததில் பிளாஸ்திரிக்கு அடியில் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. அந்தக் கையில் ரத்தம் நிற்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவமனையில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். என் துப்பட்டாவை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வெளியே தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

கசிவு நின்ற பிறகு அக்கா சொன்னார். "எல்லாத்துக்கும் உன்ன கேட்டுகினே வர்றது எனக்கும் பேஜாராதான் இருக்குது. அந்த லைட்ட சரி பண்ணிடு. நானே திருப்பிக்கிறேன்."

ஆரணியில் காட்டிய மெக்கானிக், அந்தப் பல்பு தனியாகக் கிடைக்காது, குமிழ்கள் உள்ள மொத்தப் பலகையையும் மாற்றவேண்டும், அதுவும் பழைய சாமான் கடையில் தேடவேண்டும் என்றார். வேலூரில் கார் சாமான் விற்கும் கடை ஒன்றில் கேட்டபோது, அதே அளவில் எல்.ஈ.டி. வந்துவிட்டது, போனில் வீடியோ பார்த்து நீங்களே மாட்டிக்கொள்ளலாம் என்று கொடுத்தார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில், வாசலில் வண்டியை நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். அக்கா தன் சமையலறையிலிருந்து எழுந்து வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அவராக வந்து என் வேலைக்குத் துணையாக உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை.

வீடியோவில் ஐந்து நிமிட வேலை மாதிரி இருந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றினேன். குமிழ்களை இழுத்து எடுத்தேன். பலகையை நெம்பும்போது ஓரத்தில் ஒரு கொக்கி ஒடிந்தது. அக்கா திருகாணிகளைக் காபி டம்ளரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் டார்ச் பிடித்தார். பின்பக்கத்தில் கருகிக் கிடந்த பழைய பல்புகளைத் திருகி எடுத்துப் புதியவற்றை வைத்து, பேட்டரியை மாட்டி, விளக்கைப் போட்டால், இரண்டு எரிந்தன, ஒன்று எரியவில்லை. எரிந்த இரண்டும் நீலம் கலந்த வெள்ளை.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "டயாலிசிஸ் ரூம்ல இதே வெளிச்சம்தான். அதுக்குக் கீழதான் படுத்துகினு கெடக்கறேன். வண்டிலயும் அதேவா?"

எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. எரிந்தால் போதும் என்று சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. அடுத்த முறை வேலூர் போனபோது மஞ்சள் நிறத்தில் வாங்கிவந்தேன். மறுபடி எல்லாவற்றையும் பிரித்தோம். இந்த முறையும் ஒன்று எரியவில்லை. பழைய பல்பை எப்படி வைத்தாலும் எரியும், எல்.ஈ.டி.க்கு நேர் தலைகீழ் உண்டாம், திருப்பி மாட்டவேண்டுமாம். என் விரல் அந்தச் சந்தில் நுழையவில்லை. உடம்பு இளைத்து இளைத்து அக்காவின் விரல்கள் குச்சிபோல ஆகியிருந்தன. அவர் கையை உள்ளே விட்டு, பல்பை உருவி, திருப்பி வைத்தார். மூன்றும் எரிந்தன. பழுத்த எலுமிச்சையின் நிறம். அக்கா சிரித்ததாக ஞாபகம் இல்லை. சிவப்புக் குறி வரைக்கும் குமிழைத் திருப்பிப் பார்த்தார், திரும்ப நீலத்துக்குக் கொண்டுவந்தார், மறுபடி சிவப்புக்குத் திருப்பினார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் சூடு கேட்கவில்லை. கேட்கவேண்டியது இல்லாமல் போனதும் அவர் பேச ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் மாமாவின் கைச்சாயம் தன் புடவையிலெல்லாம் ஒட்டிக்கொண்டதையும், தேசூரில் தன் அம்மா வீட்டுக் கிணற்றில் நீச்சல் அடித்ததையும் சொல்வார். நான் ஓட்டிக்கொண்டே கேட்பேன். சில நாள் இருவருக்கும் பேசத் தெம்பு இருக்காது. அந்த அசதியும் பழகிவிட்டிருந்தது. காலையில் எழும்போதே இன்று போகிற நாளா என்றுதான் முதலில் தோன்றும்.

ஒரு மாலை கால் நரம்பு இழுத்து இழுத்து அவர் மிகவும் துவண்டிருந்தார். கண்ணை மூடியிருந்ததால் தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"போதும்னு இருக்குது. நிறுத்திடலாமான்னு பாக்கறேன்" என்றார்.

"மாமாகிட்ட சொல்லட்டுமாக்கா?" என்றேன்.

"சொல்லாத. அந்த மனுசன் தாங்காது."

அடுத்த முறை போகவேண்டிய நாளில், அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டின் கையைத் தைக்கத் தொடங்கிவிட்டேன். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அக்கா பையோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். "ஜல்தியா வா, லேட்டானா பெட்ட வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க" என்றார். அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் போய்வந்தோம். கடைசியில் ஒரு காலையில், வீட்டிலேயே, மாமா சாயப்பட்டறைக்குக் கிளம்பும் முன்பே அக்கா போய்ச் சேர்ந்தார்.

அவர் போய்ச் சில மாதங்கள் கழித்து நான் லைனிங் துணி வாங்க வேலூர் கிளம்பினேன். மாமா வாசலில் நின்று, "நானும் வரட்டுமா?" என்று கேட்டார். என்னோடு அதிகம் பேசுகிறவர் இல்லை. கடை கடையாக என் பின்னால் வந்தார், பையைத் தூக்கிக்கொண்டார். திரும்பும்போது இருட்டிவிட்டது. கண்ணமங்கலம் தாண்டியதும் கேட்டார்.

"நெறய நாளு இந்த ரோட்ல வந்துகினு போனீங்களே. போதும்னு எப்பவாவது சொன்னாளா?"

சொல்லாதே என்றவர் இப்போது இல்லை. கேட்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச தூரம் ஓட்டினேன்.

"ஒரு வாட்டி சொன்னாங்க மாமா. அடுத்த வாட்டி எனக்கு முன்னாடி வந்து வண்டில உக்காந்துகினு இருந்தாங்க."

மாமா சாயம் ஏறிய கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். வீட்டு வாசலில் பைகளை இறக்கி வைத்துவிட்டு, தன் கதவுவரைக்கும் போய்த் திரும்பி நின்றார்.

"அடுத்த வாட்டி போகும்போதும் சொல்லும்மா, நானும் வர்றேன்" என்றார்.

வேலூரில் அவருக்கு எந்த வேலையும் கிடையாது. சரி மாமா என்றேன்.