ஆறாவது ஆள்

என் அக்கா புருஷன் ஆதிமூலத்துக்கு யார் கட்டளை போட்டாலும் பிடிக்காது. அக்கா உப்பு வாங்கி வரச் சொன்னாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர், கரையிலிருந்து பச்சைக் கொடி காட்டினால்தான் படகை எடுப்பேன் என்று நின்றது மரக்காணம் கடற்கரைக்கே வேடிக்கைதான்.

மூன்று நாட்டுக் கடற்படைகளின் மரைன் வீரர்கள் சிறு படகுப் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். ஆபத்துக்கு உதவ மாமாவின் பைபர் படகை அமர்த்தினார்கள். துணைக்கு நான். கொடி காட்டாமல் கிட்டே வந்தால் அன்றோடு வேலை போச்சு என்று அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் ரப்பர் படகை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்திப் பழகுகிறவர்கள்.

காலையில் இரண்டு முறை கவிழ்த்தார்கள், சிரித்துக்கொண்டே ஏறினார்கள். மூன்றாம் முறை அலையே படகைப் புரட்டிவிட்டது. ஆறு பேர் போன படகில் ஐந்து தலைதான் மேலே வந்தது.

எங்கள் ஆட்கள் கவிழ்ந்தால், முதலில் தலை தூக்குகிறவன் மற்றவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். குரல் வராதவனைத் தேடுவோம். இவர்களோ முந்தின நாள்தான் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

நான் மாமாவின் தோளைத் தட்டினேன். "மாமா, ஒருத்தன் கொறையறான்!"

"தெரியுதுடா. இரு, கொடி காட்டட்டும்."

ஒரு அலை போனது. இன்னொன்றும் போனது. கரையில் கொடி எழவில்லை. அதுவும் பயிற்சி என்றே நினைத்திருப்பார்கள்.

"மாமா!"

இஞ்சினை முடுக்கினார். ரப்பர் படகுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கத்தியோடு குதித்தார். அடியில் அந்தப் பையனின் காலில் கயிறு சுற்றியிருந்தது. அறுத்து மேலே கொண்டுவந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. கரையில் நெஞ்சை அழுத்தினார்கள். செத்துவிட்டான் என்றே நினைத்தேன். பிறகு தண்ணீரைக் கக்கி, இருமி, பச்சைப் பிள்ளை மாதிரி அழுதான்.

அதிகாரி மாமாவைக் கட்டிப்பிடித்தார். குப்பமே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அவர் மட்டும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வீட்டில் அக்கா குழம்பு ஊற்றினாள். சோற்றில் கை வைத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஊரே மெச்சுது, நீங்க இன்னாத்துக்கு இப்படி இருக்கீங்க?"

"ரெண்டு அலை போவ வுட்டேன் ஆராயி. எம்புள்ள உள்ள கெடந்திருந்தா, கொடியப் பாத்துக்கினு நின்னிருப்பனா?"