மான்ட்ரியலில் மாடி ஏறிய நாலு பேர்

"கப்பல் ஒரு பகல்தானே நிற்கும், அதுக்குள்ள என்னத்தைப் பார்ப்பீங்க?" என்று மதுரைப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் சொன்ன உதாரணம் மான்ட்ரியல். 1996 அக்டோபரில், நியூஜெர்சியில் இருக்கும் மகன் எனக்கும் மனைவி கமலாவுக்கும் நியூயார்க்கிலிருந்து கனடா போகும் உல்லாசக் கப்பலில் சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தான்.

காலை எட்டுக்கு இறங்கினோம். துறைமுகத்திலிருந்து பழைய நகரம் நடக்கும் தூரம்தான். ஆனால் கல் பாவிய தெரு, போகப் போக ஏற்றம். தேவாலயம், சந்தை எல்லாம் சுற்றிவிட்டு, கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்திருந்த அருங்காட்சியகத்துக்கு வரும்போது மணி இரண்டு. குழுவில் எங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் முகத்திலும் தெம்பில்லை.

வழிகாட்டி சுகந்தி, யாழ்ப்பாணத்துப் பெண். கீழ்த்தளம் முடிந்ததும், மாடியில் இந்த ஊர் அடிமைகளின் வரலாறு இருக்கிறது என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். கமலா செருப்பையே கழற்றிவிட்டாள்.

"கால் வீங்கிடுச்சுங்க. நீங்க போய்ப் பாடம் கேட்டுட்டு வாங்க."

சுகந்தி என் பக்கம் வந்து தணிந்த குரலில் சொன்னார். "ஐயா, நீங்களாவது ஏறுங்கோ. போன தரமும் ஒருத்தரும் வரேல்லை. இண்டைக்கும் வராட்டி மாடிப் பகுதியை நிப்பாட்டிப்போடுவினம். பின்னுக்கு நிக்கிறவதான் எங்கட மேலாளர்."

நான் ஏறினேன். என் பின்னால் குழுவிலிருந்து மூன்று பேர், அவர்களுக்கும் பின்னால் அந்த மேலாளர் அம்மாள்.

மாடியில் பொருட்கள் அதிகமில்லை. சுவர் முழுக்கப் பெயர்கள். இந்த ஊர் வீடுகளில் அடிமைகளாக இருந்த பூர்வகுடிகள், ஆப்பிரிக்கர்கள். அடுத்தடுத்து மரீ என்ற பெயரில் மூன்று பெண்கள். வகுப்பில் இரண்டு செல்வி இருந்தால் கே. செல்வி, எம். செல்வி என்று கூப்பிட்டுப் பழகியவன் நான். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"இவங்களுக்கு இனிஷியல் என்னம்மா?"

சுகந்தி அந்த மூன்று பெயர்களையும் காட்டிச் சொன்னார். "இல்லை ஐயா. தகப்பன்ர பேரை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. ஆருடைய அடிமை எண்டதைத்தான் எழுதினவை."

பிறகு என் கேள்வியையும், எங்கள் ஊரில் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்ளும் வழக்கத்தையும் மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். அலுப்பில் சுவரில் சாய்ந்திருந்த ஒருவர் விலகி நின்று, பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார்.

மேலாளர் சுகந்தியிடம் ஆங்கிலத்தில், "இனி எல்லாக் குழுவிடமும் இந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள்" என்றார்.

"அப்ப மாடிப் பகுதியை நிப்பாட்டமாட்டினம் ஐயா," என்றார் சுகந்தி என்னிடம்.

கீழே வந்து கமலா பக்கத்தில் உட்கார்ந்தேன். பாடம் என்ன என்று கேட்டாள். கப்பலில் சொல்கிறேன் என்றேன். அவ்வளவு களைப்பு. ஏறாத எட்டுப் பேரையும் நான் குறை சொல்லமாட்டேன். கடைசிப் பீரியடில் கனமான பாடத்தை வைத்தால் எந்த வகுப்பும் தூங்கத்தான் செய்யும்.

அடுத்த முறை அருங்காட்சியகம் போனால், காலையிலேயே போய் மேல்மாடியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.