கேன்டீன் பிடித்தம்

சுரையா அண்ணி காப்பீட்டு அலுவலகத்தில் கடைசி நாற்காலியில்தான் உட்காருவார். தம் முறை வந்ததும் அடுத்து வந்தவரிடம், "நீங்க போங்கம்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்பார். கவுண்டர் மூடியதும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வீடு திரும்புவார்.

வயது ஐம்பத்து மூன்று. புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பது தொழில். கணவர் ஹிதாயத்துல்லா, என் அத்தாவின் அண்ணனான பெரியத்தாவின் மகன். சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சென்ற மழைக்காலத்தில் மாரடைப்பில் இறந்தார். குடும்பத்தின் சான்றிதழ்களெல்லாம் என் அலமாரியில் இருப்பதால் அண்ணிக்குத் துணை போகும் பொறுப்பும் எனக்கு வந்தது. பாலிசிப் பணம் வந்தால்தான் மகள் ஷாஹீன் நர்சிங் கடைசி ஆண்டு படிக்க முடியும்.

புடவையின் நிறத்துக்கு நூல் கிட்டத்தட்டச் சேரும் என்று கடைக்காரர் சொன்னால் அண்ணி வாங்கமாட்டார். "கிட்டத்தட்டன்னா சேரலன்னுதான் அர்த்தம்" என்று நூல்கண்டைத் திருப்பி வைத்துவிடுவார். அண்ணனையும் அப்படித்தான் நடத்தினார். சம்பள நாளில் உறையைப் பிரித்து எண்ணிவிட்டு, "கேன்டீன்ல இவ்ளோ பிடிச்சிருக்கானே, அங்க என்ன தினம் பிரியாணியா? வூட்டுச் சோறு எறங்காதோ?" என்று கேட்பது எங்கள் வீடுவரை கேட்கும். அண்ணன் சிரித்துக்கொண்டே கைகால் கழுவப் போவார்.

அண்ணனோடு வேலை பார்த்த வைத்திலிங்கம் துக்கம் கேட்க வந்தபோதுதான் சொன்னார். "கேன்டீனா? அண்ணன் அந்தப் பக்கமே வந்ததில்லம்மா. டிபன் பாக்ஸ தெறந்து, எங்க வூட்டுக் குழம்புன்னு எங்களுக்கும் ஊத்துவாரு. சம்பளத்துல பிடிச்சது இன்சூரன்சுக்கு."

அண்ணி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து கடைசி நாற்காலி.

நேற்று நான் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கவுண்டர் முன் நிறுத்தினேன். அங்கிருந்த சங்கவி, "நம்பர் தெரியாட்டி பரவால்லம்மா. பேரு, பொறந்த தேதி, கம்பெனி பேரு சொல்லுங்க" என்றாள். சற்று நேரத்தில் கணினியில் பாலிசி கிடைத்துவிட்டது. "பத்திரம் எங்கம்மா?"

என் அலமாரியில் அது இல்லை. "மழைத்தண்ணியில போயிடுச்சும்மா" என்றேன் நான். "அப்போ தொலைஞ்சுதுன்னு உறுதிமொழி எழுதிக் குடுங்க, போதும்" என்று தாளை நீட்டினாள். எழுதினேன். பேனாவை அண்ணியிடம் கொடுத்தேன்.

கையெழுத்திடவில்லை.

"தொலையல தம்பி. 'உங்க உசுருக்கு, மவுத்துக்கு வெல போட்ட காயிதம் என் வூட்ல இருக்கக்கூடாது'ன்னு நான்தான் வெந்நீர் அடுப்புல போட்டேன். பணம் கட்டறத நிறுத்திட்டேன்னு சொன்னாரு. நம்பிட்டேன்."

"அம்மா, அப்பிடி எழுதினா மேலதிகாரி கேள்வி கேப்பாரு. இன்னும் நாளாவும்" என்றாள் சங்கவி.

"ஆவட்டும்மா. அவரு பணத்த வாங்க நான் பொய் சொல்லணுமா? கேக்கட்டும். சொல்றேன்."

நான் எழுதியிருந்த 'தொலைந்துவிட்டது' என்ற சொல்லைக் குறுக்கே அடித்தார். நூல் போகும் கோடுபோல் நேராக இருந்தது அந்தக் கோடு. அதன் மேல், எழுத்துக்கூட்டி, 'நான் எரித்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

எரிப்பதற்கு முன் அண்ணன் பிரீமியம் கட்டியது மூன்று ஆண்டுகள். எரித்த பிறகு கட்டியது பதினேழு.