நான் ராசாவாக நின்ற படம்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன், பெயர்களும் மறந்துபோகின்றன. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சம், மனதில் வைத்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன மார்கழியில் மகள் என்னை அந்தப் பழங்காலக் கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் நகரத்துக்கு வெளியே, காட்டோரம் இருக்கிறது. ஜேர்மனியில் வயல் செய்த பழைய கமக்காரரின் வீடுகளை எங்கெங்கோ இருந்து கழற்றிக்கொண்டு வந்து திரும்பப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முந்திய ஞாயிறுகளில் அங்கே அந்தக் காலத்து நத்தார் நடக்கும். மரத்தில் உண்மையான மெழுகுதிரி, விறகுப் போறணையில் சுட்ட பாண், தொழுவத்தில் உயிருள்ள ஆடுகளோடு பாலன் கூடு. சனம் அதைப் பார்க்கத்தான் போகிறது. நான் போனது ஒரு படத்தைக் காட்ட. ரிக்கற் கொடுக்கும் மண்டபத்துச் சுவரில் பாலனைத் தேடிக் காணிக்கையோடு வந்த மூவிராசாக்களாக வேசம் போட்டவர்களின் படம் ஒன்று தொங்கும். நடுவில் நிற்கிற ராசா நான்.

மகள் நம்புவதில்லை. "நீங்கள் ராசாவோ? ஆரும் பேர் கேட்டாலே கதவுக்குப் பின்னாலை ஒளிக்கிற ஆள்!" என்று சிரிப்பாள். படம் எடுத்தபோது அவள் யாழ்ப்பாணத்தில் என் தங்கையோடு இருந்தாள். நாங்கள் அவளைக் கூப்பிட்டு எடுக்க வருசக்கணக்காயிற்று. வந்த பிறகும், நான் கழிப்பறை கழுவி உழைத்த அந்தக் கிராமத்துக்கு அவளைக் கூட்டிப்போக எனக்கு வெட்கம். அவள் இல்லாத அந்த வருசங்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று காட்ட அந்த ஒரு படம்தான் இருந்தது. சொந்தமாகப் படம் எடுக்க எங்களிடம் கமராவா இருந்தது?

படத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் குடை கொழுவும் கொழுக்கிகள்.

ரிக்கற் கொடுத்த பிள்ளையிடம் மகள் கேட்டாள். பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. "அதைக் கழட்டிப்போட்டம். அந்தக் கறுப்பு ராசா வழக்கம் பிழை. ஆக்களை நோகப்பண்ணும்" என்றது. பிறகு என்னைப் பார்த்தது. "ஐயோ, அதிலை நிண்டது நீங்களோ? எங்கள் எல்லாருக்குமாக நான் மன்னிப்புக் கேக்கிறன்."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் "யா, யா", ஆமாம் ஆமாம், என்றேன். நாற்பது வருசமாக இந்த நாட்டில் எனக்கு முதலில் வருகிற சொல் அதுதான்.

வெளியே வந்ததும் ஈரக் கம்பளி மணம் மூக்கில் அடித்தது. ஆட்டு மணம் என்று மகள் மூக்கைப் பொத்தினாள். எனக்கு அது ராசாவின் மணம். பழைய திரைச்சீலையில் தைத்த சிவப்பு அங்கியை மழைநாளில் ஆட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நின்றால் அப்படித்தான் மணக்கும்.

மூவரில் ஒரு ராசா கறுப்பர் என்பது இந்த நாட்டு வழக்கம். எனக்கு முந்தி அங்கே தச்சு வேலை செய்த ஒருவர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பு ராசாவாக நிற்பார். அவர் வேலை மாறிப் போய்விட்டார். ஒருநாள் நான் கழிப்பறை நிலம் துடைத்துக்கொண்டிருக்க, எங்கள் செஃப் வாசலில் வந்து நின்றார், மேலாளரை இங்கே அப்படித்தான் சொல்வது. பெரிய பரிசு கொண்டுவந்தவர் போல முகம். "உங்களுக்குக் கரி தேவையில்லையே!" என்றார். நான் "யா" என்றேன். பாதி விளங்கவில்லை, மீதிக்கு மறுக்கத் தெரியவில்லை.

வீட்டில் என் மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். "ராசாவோ? அப்ப நான் ஆர், ராணியோ?"

எனக்குக் கோபம்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நத்தார் நாடகத்துக்கு மாதாவாக நிற்க நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? சிஸ்டர் வரிசையைப் பார்த்து, வெள்ளைத்தோல் பிள்ளையாகத் தேடி எடுத்தார். "கறுப்பி, நீ ஆட்டோடை போய் இரு" என்றாள் அந்த மாதா. அதற்கு ஒருவரும் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

சரி, ராசாவுக்கு வருவோம். முகத்துக்குப் பூச்சு வேண்டாம் என்றவர்கள் காலுக்கு என்ன தந்தார்கள்? செருப்பு! தங்க நிற வார் வைத்த செருப்பு. நான் வெயில் நாட்டு ராசாவாம். மார்கழிப் பனியில், சேற்றில், வெறுங்கால் தெரிய நிற்க வேண்டுமாம். காலுறை போட்டேன், வெள்ளையாகத் தெரிகிறது என்று செஃப் முகத்தைச் சுளித்தார். பாண் சுடுகிற ஹில்டாதான் வந்து சண்டை பிடித்தாள். அவளும் ஒரு ராசா, பஞ்சுத் தாடி கட்டியவள். வால்நட் கோதை அவித்து, அந்தச் சாயத்தில் கம்பளிக் காலுறையைத் தோய்த்தாள். காயவைத்து என் காலோடு வைத்துப் பார்ப்பாள். "இன்னும் காணாது, நீ நல்ல பாண் நிறம்" என்று திரும்பத் தோய்ப்பாள். கடைசியில் காலும் காலுறையும் ஒன்றாகிவிட்டன. செஃப் குனிந்து பார்த்துவிட்டு, "பாருங்கோ, குளிரேல்லைத்தானே!" என்றாரே பார்ப்போம். ஹில்டா தாடியைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லாம் சிரிப்பில்லை. ஒரு சின்னப் பெட்டை விரலை எச்சில்படுத்தி என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். "அம்மா, போகுதில்லை!" என்று கத்தினாள். தாய் அவளை இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் தேயிலைப் பெட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். அதைத்தான் நாங்கள் காணிக்கையாகக் கொண்டுபோவது. ராசா முடி வைத்திருக்கும்போது குனிந்து வணக்கம் சொன்ன அதே மனிதர்கள், மற்ற நாள் நான் துடைத்த ஈர நிலத்தில் சப்பாத்தோடு ஏறிப் போவார்கள்.

படம் எடுக்க வந்த அன்று நான் ஓரத்தில்தான் போய் நின்றேன். ஹில்டா கையைப் பிடித்து இழுத்தாள். "நடுவிலை வா. நான் நடுவிலை நிண்டா தாடி வைச்ச விளக்குக் கம்பம் மாதிரி இருக்கும்." மற்ற ராசா ஒரு தபால்காரர், அவரும் நகர்ந்து இடம் விட்டார். எதன் நடுவிலும் நான் நின்றது அன்றைக்குத்தான்.

இதையெல்லாம் மகளுக்குத் தொழுவத்து வாசலில் நின்று சொன்னேன். இவ்வளவு நேரம் நான் கதைத்ததே அவளுக்கு அதிசயம்.

"அம்மா, விடுங்கோ. அவை நல்ல எண்ணத்திலைதான் கழட்டினவை."

"கொழுவினதும் நல்ல எண்ணத்திலைதான், பிள்ளை. கொழுவேக்கை என்னைக் கேட்டவையோ? கழட்டேக்கை கேட்டவையோ?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கரி பூசுகிற வழக்கம் போனது நல்லதுதான், நான் அதற்கு அழவில்லை. ஹில்டாவும் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். செஃப் எங்கே இருக்கிறாரோ. பாலன் கூட்டில் மாதா நிற்கிறா, சூசையப்பர் நிற்கிறார், இடையர்கள் நிற்கிறார்கள், எல்லோரும் பக்கத்து ஊர்க்காரர். ராசாக்களையே எடுத்துவிட்டார்கள், தூரத்திலிருந்து வந்தவர் என்று அங்கே இப்போது ஒருவரும் இல்லை.

திரும்பும்போது மகள் படம் எங்கே என்று இன்னொரு தரம் கேட்டாள். தெரியாது என்று சொல்லி அந்தப் பிள்ளை மறுபடி மன்னிப்புக் கேட்டது.

இதில் பிழைகள் இருக்கும். அந்தத் தேயிலைப் பெட்டியில் இருந்ததாக நாங்கள் சொன்னது தூபமா வெள்ளைப்போளமா என்று நினைவில்லை, கறுப்பு ராசாவின் பெயரும் தெரியாது. விசயம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் படத்தையும் ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள். நான் கேட்டால் மன்னிப்புத்தான் கேட்பார்கள். நீங்கள் கேட்டால் தேடிப் பார்ப்பார்கள்.