வானம் எப்படி இருக்கு?

போன மாதம் ஒரு போன் செய்தேன். கேட்டது மூன்றே வார்த்தை. வந்ததும் சரியான பதில்தான். ஆனாலும் நானும் என் வீட்டுக்காரரும் சென்னையிலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டிப்போய் ஏமாந்து நின்றோம். எப்படி? சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் தனக்குத்தானே ஒரு பரிசு கொடுத்துக்கொண்டார் — டெலஸ்கோப்! மொட்டைமாடியில் வைத்துப் பார்த்ததில் தெருவிளக்கு வெளிச்சமும் இரண்டு விமானமும் தெரிந்தன. மூன்றாம் நாள், 'எதிர் பிளாக் ஜன்னலை யாரோ பைனாகுலரில் பார்க்கிறார்கள்' என்று அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் புகார். மனிதர் நொந்துபோனார். டெலஸ்கோப் பீரோ மேல் ஏறிவிட்டது.

எனக்குப் பாவமாக இருந்தது. முப்பத்தைந்து வருஷம் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஃபைல் பார்த்தவர். ஆசைப்பட்டது நாலு நட்சத்திரம். அதுகூடவா கிடைக்காது?

நாலு பேரிடம் விசாரித்ததில் சகாயமேரி கிடைத்தார். புதுக்கோட்டை மாவட்டத்தில் இலுப்பூர் பக்கம் ஒரு கிராமம். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. மூன்று ஏக்கரை இங்கே தனியாகப் பார்த்துக்கொள்வது இவர். வயலை ஒட்டிய வீட்டில் மாடி அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். சுற்றிலும் கும்மிருட்டு என்றார்கள். அதுதானே வேண்டும்!

ஒரே பயம் — ஐப்பசி பிறக்கிற நேரம், மேகம் வந்துவிட்டால்? கிளம்புவதற்கு முதல் நாள் போன் செய்து கேட்டேன்.

“வானம் எப்படி இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்குக்கா. மூணு நாளா நல்லா இருக்கு. தாராளமா வாங்க.”

அன்று என் வீட்டுக்காரர் பேக்கிங் செய்த வேகத்தைக் கல்யாணத்துக்குக்கூட நான் பார்த்ததில்லை. இருட்டில் கண் கூசாமலிருக்க டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டினார். பாய் எடுத்தார், தலையணை எடுத்தார். மாத்திரை டப்பாவை மறந்தார்.

திருச்சி தாண்டும்போதே எனக்கு லேசாகச் சந்தேகம். ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. காரை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தால்... ஒரு கைக்குட்டை அளவுக்குக்கூட நீலம் இல்லை. அத்தனையும் கருமேகம்!

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சகாயமேரியைப் பார்த்தேன்.

“என்னங்க, வானம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?”

அவரும் அண்ணாந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“நல்லாத்தானேக்கா இருக்கு?”

அசடு வழிந்தேன். வேறென்ன செய்வது? 'வானம் பார்த்த பூமி' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்த பூமிக்கே வானம் பார்க்கக் கிளம்பும்போது மட்டும் அது என் மண்டையில் உறைக்கவில்லை. மழை வந்தால் 'மோசமான வானிலை' என்று டி.வி.யில் சொல்கிறார்களே, யாருக்கு மோசம்?

காபி கொடுத்துவிட்டு வயலைக் காட்டினார். அங்கே புழுதி விதைப்பு. காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்களாம். முதலில் விதைத்தது முளைக்காமலே போய்விட்டது. மறுபடி விதைத்தார். நடுவில் ஒரு மழை பெய்தது. விரல் உயரத்துக்குப் பச்சையும் வந்தது. அதற்கப்புறம் பொட்டுத் துளி இல்லை. போர் போட்டுப் பார்த்தும் தண்ணீர் வரவில்லை. கண்மாயில் சேறுகூட இல்லை. குனிந்து ஒரு பயிரின் இலையைத் தொட்டுப் பார்த்தேன். பாய் மாதிரி சுருண்டிருந்தது.

இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்றார். மூன்றாம் தடவை விதைக்க நெல்லும் இல்லை, பருவமும் இல்லை. இந்த மேகம் பெய்தால் உண்டு. இல்லாவிட்டால் இந்த வருஷம் இவ்வளவுதான்.

ஆறரை மணி இருக்கும். காற்று வந்தது. நல்ல காற்று, உடம்புக்கு இதமான காற்று. அது மேகத்தையெல்லாம் சுருட்டி அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒரு தூறல்கூட இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன பாருங்கள்... பத்து, நூறு, அப்புறம் எண்ணவே முடியவில்லை. என் வீட்டுக்காரர் மாடியிலிருந்து சத்தம் போட்டார். “வானம் தெளிஞ்சிருச்சு! சீக்கிரம் வா, சனிக் கிரகம் தெரியுது!” சனி நம்மைப் பார்ப்பதுதான் வழக்கம். சனியைத் தேடிப்போய்ப் பார்க்கிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

சகாயமேரியையும் மேலே கூப்பிட்டார். விருந்தாளி மனம் கோணக் கூடாதென்று அவரும் வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வளையம் தெரிகிறது, அழகாகத்தான் இருக்கிறது என்றார். குரலில் சுரத்தே இல்லை. நிமிர்ந்து நின்று, மேகம் போன பக்கம் பார்த்தார்.

“சார்... இவ்வளவு தூரத்துல இருக்குறதெல்லாம் தெரியுதே. இப்பப் போன மேகம் எங்கிட்டு நிக்குதுன்னு இதுல பார்க்க முடியுமா?”

கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

என் வீட்டுக்காரர் டெலஸ்கோப்பை மெல்லத் தாழ்த்தி, காற்று போன திசைக்குத் திருப்பி, பார்ப்பது மாதிரி ஏதோ செய்தார். பிறகு, “தெரியலம்மா” என்றார்.  

மறுநாள் சாயங்காலமும் துடைத்துவைத்த வானம். அவர் பார்த்தாரா? பார்த்தார். பார்க்காமல் தியாகம் செய்தார் என்று எழுதினால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். ஆனால் ஒரு 'ஆஹா' இல்லை, ஒரு கூப்பாடு இல்லை. திருட்டுத்தனமாக மாங்காய் தின்கிறவர் மாதிரி சத்தமில்லாமல் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார்.

ஊர் திரும்பினோம். தினமும் காலையில் எங்கள் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் — பேப்பரில் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு மழை உண்டா என்று தேடுவது. சொந்தமாக ஒரு பூந்தொட்டிகூட இல்லாத வீடு இது!

நாலாம் நாள் சாயங்காலம் சகாயமேரியே போன் செய்தார். பின்னால் தகரக் கொட்டகை மேல் சடசடவென்று ஒரே இரைச்சல். எனக்குப் பாதிதான் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா, சார்கிட்டச் சொல்லுங்க. இங்க ஒன்னுமே தெரியல.”

பயிர் என்ன ஆச்சு என்று கத்தினேன். மேட்டுப் பக்கம் கருகியது கருகியதுதானாம். மற்றதெல்லாம் பிழைத்துக்கொள்ளுமாம்.

என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கினார்.

“ஒரு நட்சத்திரம்கூடத் தெரியலையாம்மா?”

“ஒன்னுகூட இல்ல சார்.”

“ரொம்ப நல்லா இருக்கு,” என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அப்புறம் சகாயமேரி சொன்னார்: “தை மாசம் வாங்க சார். அறுப்பு நேரம். அப்ப மட்டும் ஒங்களுக்கு நல்ல வானந்தான் எங்களுக்கும் நல்ல வானம்.”

அதுவரைக்கும் டெலஸ்கோப் பீரோ மேலேயே இருக்கட்டும். இந்தத் தடவை அவரே ஸ்டூல் போட்டு ஏறி வைத்தார்!